மன்னன் மாற்றி வாங்கிய விளை

குமரி மாவட்டத்தில் நெல் விளைகிற இடத்துக்கு வயல் என்று பெயர். தண்ணீர் ஏறாத மேட்டில் தென்னையும் பனையும் மரச்சீனியும் நின்றால் அது விளை. பத்திரத்திலும் விளைதான், பேச்சிலும் விளைதான். ஊருக்கு ஊர் பெயரே விளையில் முடியும். அப்படி ஒரு விளையை வாங்கியதால்தான் ஓர் அரசனைப் பற்றி இன்று நமக்குக் கொஞ்சமாவது தெரிகிறது. அரசன் பெயர் கோக்கருநந்தடக்கன். ஆய் குலத்தவன். நிலத்தின் பெயர் உழக்குடிவிளை.

ஆய் குலத்தாரின் துறைமுகமும் கோட்டையும் விழிஞ்ஞத்தில் இருந்தன. இன்று விழிஞ்ஞம் என்றால் 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த துறைமுகம்தான் நினைவுக்கு வரும். வானளாவிய கிரேன்கள், மலைபோல வந்து நிற்கும் சரக்குக் கப்பல்கள். பக்கத்திலேயே பழைய மீன்பிடித் துறை. கொஞ்சம் உள்ளே நடந்தால் ஒரு பாறை. அதைக் குடைந்து எட்டாம் நூற்றாண்டில் செய்த சின்னஞ்சிறு சிவன் கோயில். நாலு பேர் சேர்ந்து உள்ளே நுழைய முடியாது. வாசலுக்கு ஒரு பக்கம் திரிபுராந்தகர், மறுபக்கம் பார்வதியோடு ஆடும் சிவன். இரண்டுமே முடியவில்லை. கோடு போட்டு, கொஞ்சம் செதுக்கி, அப்படியே விட்டிருக்கிறார்கள். உளியை ஏன் கீழே வைத்தார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்து விழிஞ்ஞத்தில் நிம்மதியாக உட்கார்ந்து கல் கொத்த முடிந்திருக்குமா என்பதே சந்தேகம்தான். பாண்டியன் நெடுஞ்சடையன் இந்த ஊரைப் பிடித்ததைத் தன் செப்பேட்டில் பெருமையாக எழுதிவைத்தான். பிறகு சேரர் படை வந்தது. அதற்கும் பிறகு சோழர் வந்து, ராஜேந்திரசோழப்பட்டினம் என்று ஊரின் பெயரையே மாற்றினார்கள். பாண்டியனுக்கும் சேரனுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சின்ன ராஜ்யம் ஆய் குலத்தாருடையது.

அந்த ராஜ்யத்தில் 857 வாக்கில் பட்டத்துக்கு வந்தவன் கருநந்தடக்கன். அவன் போருக்குப் போனானா, யாரை வென்றான், எத்தனை மனைவியர் என்பதையெல்லாம் விரித்துச் சொல்லும் மெய்க்கீர்த்தி கிடையாது. முக்கியமாக இருப்பது ஒரு நிலப் பத்திரம், செப்பேட்டில் எழுதியது. திருவனந்தபுரம் ஹுசூர் கச்சேரி என்ற அரசு அலுவலகத்தில் கிடந்ததைத் தொல்லியல் அறிஞர் து.அ.கோபிநாத ராவ் படித்து, திருவாங்கூர் தொல்லியல் வரிசையில் வெளியிட்டார். அவனுடைய ஒன்பதாம் ஆட்சியாண்டு, கலியுகம் பிறந்து 14,49,087 நாள் சென்றபின் எழுதியது. நாளைக் கூட எண்ணி வைத்திருக்கிறார்கள்! நம் கணக்குக்கு அது 866-ஆம் ஆண்டு.

விஷயம் இதுதான். முஞ்சிறை பிராமண சபைக்குச் சொந்தம் உழக்குடிவிளை. சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் தொடங்குகிறதே, அதே முஞ்சிறைதான். அந்த விளையில் கோயில் கட்ட அரசனுக்கு ஆசை. சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து விளையை வாங்கினான். விஷ்ணுவைப் பிரதிஷ்டை செய்து, ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பேர் வைத்தான். கோயிலோடு ஒரு சாலையும் அமைத்தான். சாலை என்றால் இங்கே ரோடு இல்லை. மாணவர்கள் தங்கி, உண்டு, படிக்கும் இடம். சட்டர் எனப்பட்ட அந்த மாணவர்கள் 95 பேர்.

வாளும் படையும் கையில் இருந்தவன், இடத்தை எடுத்துக்கொள்ளாமல் ஏன் மாற்று நிலம் கொடுத்தான்? தர்மம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. சபையைப் பகைத்துக்கொண்டு ஆள முடியாத அரசன் அவன் என்றே தோன்றுகிறது.

இதே நிலக் கணக்கு வேறு இடத்தில் எப்படி நடந்தது என்றும் பார்க்கலாம். 1066-இல் நார்மன் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தான். மண் முழுக்கத் தன்னுடையது என்றான். பழைய உடைமைக்காரர்களைத் தள்ளிவிட்டு, கூட வந்த பிரபுக்களுக்குப் பங்கு போட்டான். ஒவ்வொரு பிரபுவும் அதற்கு ஈடாகக் குதிரைவீரர்களை அனுப்ப வேண்டும். வில்லியத்தின் தாய்க்குப் பிறந்த தம்பியான ராபர்ட் என்ற பிரபுவுக்கு மட்டும் கிட்டத்தட்ட 800 பண்ணைகள். 1086-இல் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கில் எத்தனை ஏர், எத்தனை ஆலை என்பது வரை எழுதியிருக்கிறது. நம் செப்பேட்டுக்கு 220 வருஷம் பிந்தியது. அங்கே நிலம் மேலேயிருந்து கீழே வந்தது. ராபர்ட் எந்தச் சபையோடும் மாற்று நிலம் பேச வேண்டியிருக்கவில்லை.

செப்பேட்டில் ருசியான பகுதி சாலையின் சட்டதிட்டம். 95 இடங்களை வேதக் கிளைவாரியாகப் பிரித்திருக்கிறார்கள்: பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரீயருக்கு 36, தலவகாரருக்கு 14. சேர்கிறவனுக்கு வியாகரணமும் மீமாம்சையும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று ராஜ்யங்களின் விவகாரங்களைப் பார்க்கும் அளவுக்குப் படிப்பு வேண்டும். அதாவது, வெறும் வேதபாடசாலை அல்ல, அரசுக்கு அதிகாரிகளைத் தயார் செய்த இடமும் கூட. ஒருவரையொருவர் திட்டினால் அபராதம். சபைக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது. மடத்தில் வெள்ளாட்டிகளை, அதாவது பணிப்பெண்களை, வைத்துக்கொள்ளக் கூடாது. விதி போட்டிருக்கிறார்கள் என்றால், வேறெங்கோ இதெல்லாம் நடந்திருக்கிறது என்றுதானே பொருள்?

அந்த வேறெங்கோ காந்தளூராகவும் இருக்கலாம். காந்தளூர்ச் சாலையின் முறைப்படியே இதையும் நடத்த வேண்டும் என்று செப்பேடு சொல்கிறது. சோழன் ராஜராஜன் காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்த' கதை நமக்குத் தெரியும். கலம் என்றால் கப்பலா, உண்கலமா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக மல்லுக்கட்டுகிறார்கள். சாலை என்பது படிப்புக்கூடம் என்று வாதிடுவோர் முதலில் கையில் எடுப்பது கருநந்தடக்கனின் இந்தப் பத்திரத்தைத்தான்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இலை போட்டது 95 பேருக்கு. அத்தனை பேரும் பிராமணர்கள். விளையில் மண்வெட்டி பிடித்தவன் பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

கருநந்தடக்கனுக்குப் பின் விக்கிரமாதித்திய வரகுணன் ஆண்டான். பாலியம் செப்பேட்டின்படி ஸ்ரீமூலவாசம் பௌத்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்தவன் அவன். அதன்பின் ஆய் குலம் மங்கியது. விழிஞ்ஞம் கேரளத்தில் இருக்க, உழக்குடிவிளை 1956 நவம்பர் 1-இல் இன்றைய தமிழ்நாட்டுக்கு வந்தது. இப்போது அதன் பெயர் பார்த்திவபுரம். விழிஞ்ஞத்தில் கப்பல் பார்க்கப் போகிறவர்கள், திரும்பும்போது புதுக்கடை பக்கம் வண்டியைத் திருப்புங்கள். அவன் கட்டிய கோயில் அங்கே பார்த்தசாரதி கோயிலாக நிற்கிறது. பூஜையும் நடக்கிறது.