சூடு என்று விட்டுவிடாதீர்கள்

இலுப்பூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் சிறுநீர் நிறம் மாறினால், "உடம்புல சூடு" என்பார்கள். இளநீர், ஊறவைத்த வெந்தயம், எண்ணெய்க் குளியல். பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர் மட்டும் அப்படி இருந்துவிடக் கூடாது. வலியே இல்லாமல் ஒரு தடவை ரத்தம் கலந்து போய், மறுநாள் தெளிந்துவிட்டாலும், அது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம்.

இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. இன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே செய்கிறார்கள். மாற்றிக்கொண்டவர்கள் பல்லாண்டு வாழ்கிறார்கள். அதனால்தான் இந்தப் பேச்சே எழுகிறது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாதிருக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளை விடாமல் சாப்பிட வேண்டும். அவை எதிர்ப்புச் சக்தியை அடக்கும்போது, புற்றுச் செல்களைக் கண்டு அழிக்கும் காவலும் தளர்கிறது. மற்றவர்களைவிட இவர்களுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய 2 முதல் 3 மடங்கு. அப்படியும் அரிதான நோய்தான். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் ஏறும்.

பழைய சிறுநீரகம் எதனால் கெட்டது என்பதும் முக்கியம். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிய மூலிகை மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. மருந்தில் கலந்திருந்தது அரிஸ்டோலோக்கிக் அமிலம். அவர்களில் 39 பேரின் பழைய சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்றிப் பார்த்தார்கள். 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று இருந்தது. 2000-ல் வெளியான ஆய்வு இது. நம் கரிசல் காட்டு ஆடுதீண்டாப்பாளையிலும், பெருமருந்து எனப்படும் ஈஸ்வரமூலியிலும் இருப்பது அதே அமிலம். ஆடு தீண்டாததை நாம் கஷாயம் வைத்துக் குடித்திருந்தால், மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுக்காமல் உள்ளேயே விட்டுவிடுகிறார்கள் என்பதால், அவற்றையும் அவர் கவனிப்பார்.

சீக்கிரம் கண்டுபிடித்தால், வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்த் துவாரம் வழியாகவே கட்டியைச் சுரண்டி எடுக்கலாம். வழக்கமாக அதன்பின் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் பி.சி.ஜி. என்பது உயிருள்ள கிருமி. எதிர்ப்புச் சக்தி அடங்கிய உடம்பில் அதைக் கொடுக்க மருத்துவர்கள் மிகவும் யோசிக்க வேண்டியிருக்கிறது. முந்திக்கொள்வது இதற்காகவும்தான்.

ரத்தம் கண்டால் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சிறுநீரகமே போய்விடும். அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்கு அன்றே போன் செய்யுங்கள், அந்த வாரமே பஸ் ஏறுங்கள்.