'10 லட்சம் டாலர் குறையுது!' கனடா பெண்கள் ரக்பி அணி ஊரறியச் சொன்ன கணக்கு



போன வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, வாங்கற சம்பளத்துல கோச்சிங் ஃபீஸ் முழுசா கட்ட முடியலை. வீட்டுல கேக்கவும் கூச்சமா இருக்கு. பேசாம பெர்சனல் லோன் போட்டுடலாமா?"

பதில் எழுத உட்கார்ந்தேன். ஞாபகத்துக்கு வந்தது ஒரு ரக்பி மேட்ச். சிரிக்காதீங்க, சம்பந்தம் இருக்கு.

2025 செப்டம்பர் 27. லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானம். பெண்கள் ரக்பி உலகக் கோப்பை ஃபைனல். வந்திருந்த கூட்டம் 81,885 பேர். பெண்கள் ரக்பி மேட்ச் ஒன்றுக்கு அதுவரை உலகத்தில் எங்கேயும் அவ்வளவு பேர் வந்ததில்லை. ஒரு பக்கம் இங்கிலாந்து, இன்னொரு பக்கம் கனடா.

ரக்பி தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. ஒரு அணிக்கு 15 பேர், 80 நிமிஷ ஆட்டம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் கையால் முன்னால் நிற்பவருக்கு வீசக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் வீச வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 'டிரை', 5 புள்ளி. நான் ஆடியதில்லை, நம்ம உடம்புக்கு அது ஆகாது. ஆனால் யார் எவ்வளவு செலவு செய்தார்கள், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது தொழில் புத்தி. அது எந்த மேட்ச் பார்த்தாலும் போக மாட்டேங்குது.

இங்கிலாந்து பக்கம் கதை எளிது. 2019 ஜனவரியிலேயே 28 வீராங்கனைகளுக்கு முழுநேர ஒப்பந்தம் போட்டார்கள். காலையில் ஆபீஸ், சாயங்காலம் பயிற்சி என்று ஓட வேண்டிய கஷ்டம் அவர்களுக்கு இல்லாமல் போனது. விளையாட்டே வேலை, மாசம் பிறந்தால் சம்பளம்.

கனடா அப்படி இல்லை. ஆட்டத்தில் குறை சொல்ல முடியாது. 2024 மே மாதம் கிறைஸ்ட்சர்ச்சில் நியூசிலாந்தை 22-19 என்று முதல்முறையாகத் தோற்கடித்தார்கள். உலகக் கோப்பைக்கு வரும்போது தரவரிசையில் இரண்டாம் இடம். ஆனால் கோப்பையை ஜெயிக்கிற அளவுக்குத் தயாராக என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டபோது வந்த தொகை 36 லட்சம் கனடா டாலர். அவர்களுடைய ரக்பி சங்கத்தால் கொடுக்க முடிந்தது 26 லட்சம். துண்டு விழுந்தது 10 லட்சம். ஒரு டாலர் 60 ரூபாய் சொச்சம் என்று வைத்தால் நம்ம ஊர்க் கணக்கில் 6 கோடிக்கு மேல்.

இந்த இடத்தில் நம்மில் பல பேர் என்ன செய்வோம்? ஒன்று, வெளியே சொல்லாமல் கடன் வாங்குவோம். இல்லை, 'இருக்கறத வெச்சு ஓட்டிக்கலாம்' என்று ஆசையைச் சுருக்கிக்கொள்வோம். கனடா உண்டியல் குலுக்கியது. 'மிஷன்: வின் ரக்பி வேர்ல்டு கப்' என்று பெயர் வைத்து, இதுதான் மொத்தச் செலவு, இது எங்களிடம் இருக்கிறது, இவ்வளவு குறைகிறது என்று நாட்டுக்கே சொல்லி க்ரவுட்ஃபண்டிங் ஆரம்பித்தார்கள். உலகக் கோப்பை முடிகிற நேரத்தில் இலக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

அவர்கள் கேட்ட விதத்தைப் பாருங்க. மொத்தத்தில் 72 சதவீதம் எங்கள் பொறுப்பு, மீதி 28 சதவீதத்துக்குத்தான் கை நீட்டுகிறோம். பேங்க்கில் வீட்டு லோன் கேட்டுப் போனால் முதல் கேள்வியே 'உங்க மார்ஜின் எவ்வளவு?' என்பதுதானே. கேட்கிறவர் தன் பங்கை முதலில் வைத்துவிட்டால் கொடுக்கிறவருக்கு நம்பிக்கை வரும்.

எனக்கு இது லேட்டாகத்தான் புரிந்தது. ஆர்ட்டிகிள்ஷிப் செய்த காலத்தில் எனக்குக் கிடைத்த ஸ்டைபண்ட் மெஸ் பில்லுக்கும் பஸ் பாஸுக்கும் சரியாகப் போய்விடும். ஃபைனல் கோச்சிங் ஃபீஸ் கட்ட வேண்டும். அப்பாவிடம் 'கொஞ்சம் பணம் வேணும்ப்பா' என்று மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் 'பாக்கலாம்' என்றார். நாலாவது முறை ஒரு பேப்பரில் ஃபீஸ் எவ்வளவு, என் கையில் எவ்வளவு, குறைவது எவ்வளவு, கடைசித் தேதி எது என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பணம் வந்துவிட்டது. "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் சொசைட்டில எழுதிப் போட்டிருப்பேன்ல?" என்று திட்டும் சேர்ந்தே வந்தது.

சரி, கனடாவுக்கு வருவோம். உலகத்தில் இரண்டாம் இடத்தில் இருக்கிற தேசிய அணி உண்டியல் குலுக்குவது பெருமையா என்று நீங்கள் கேட்கலாம். என்னைக் கேட்டால், இல்லை. ஒரு கேம்ப்புக்கோ ஒரு டூர்னமெண்டுக்கோ நன்கொடை சரி. பயிற்சி, பயணம், டாக்டர், பிசியோ எல்லாம் வருஷா வருஷம் வருகிற செலவு. வருஷா வருஷம் வருகிற செலவுக்கு ஒரு தடவை வருகிற பணத்தை நம்பினால் என்ன ஆகும் என்று, போனஸை நம்பி ஈஎம்ஐ எடுத்தவர்களைக் கேளுங்கள். இன்னொன்று: ரக்பி உலகக் கோப்பையில் ஜெயித்தாலும் பரிசுத்தொகை கிடையாது, ஆண்களுக்கும் சேர்த்துத்தான். அதனால் கோப்பையை வாங்கி வந்து கடனை அடைப்போம் என்கிற கணக்கும் ஓடாது.

ஆனாலும் இந்த விளையாட்டில் உண்டியல் புதுசு இல்லை. முதல் பெண்கள் உலகக் கோப்பையே அப்படித்தான் நடந்தது.

1991 ஏப்ரல், வேல்ஸ் நாடு. லண்டன் ரிச்மண்ட் கிளப்பைச் சேர்ந்த நாலு பெண்கள் சேர்ந்து, 12 அணிகளைக் கூப்பிட்டு ஒரு உலகக் கோப்பை நடத்தினார்கள். டெபோரா கிரிஃபின், சூ டோரிங்டன், ஆலிஸ் கூப்பர், மேரி ஃபோர்சித். வரவு செலவைப் பார்த்தவர் மேரி ஃபோர்சித். ஸ்பான்சர் தேடி அலைந்த சூ டோரிங்டன், அதே டூர்னமெண்டில் இங்கிலாந்துக்காகக் களத்திலும் இறங்கினார். சர்வதேச ரக்பி வாரியத்தின் அங்கீகாரம் கிடையாது. அணிகள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் சோவியத் யூனியன் அணியின் கதை ஒரு சினிமாவே எடுக்கலாம். கையில் பவுண்டு இல்லை. பதிலுக்கு வோட்கா, கேவியார், பொம்மைகள் என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்து கார்டிஃபில் விற்க ஆரம்பித்தார்கள். சுங்கத்துறை விசாரிக்க வந்துவிட்டது. விஷயம் பேப்பரில் வந்ததும் ஊர் மக்களே உதவிக்கு வந்தார்கள். ஃபைனலில் அமெரிக்கா இங்கிலாந்தை 19-6 என்று ஜெயித்தது. வாரியம் இந்தப் போட்டியை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது எப்போது தெரியுமா? 2009-ல். 18 வருஷம் கழித்து!

அந்த நாலு பேருக்கு இதில் என்ன ரிட்டர்ன்? பணமாகப் பார்த்தால் பூஜ்யம். ஆனால் 2025 போட்டிக்கு 4.4 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. ட்விக்கன்ஹாம் நிரம்பிய அந்த நாளில் இங்கிலாந்து ரக்பி யூனியனின் தலைவர் யார்? அதே டெபோரா கிரிஃபின். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 34 வருஷ லாக்-இன் பீரியட்!

கனடாவின் நட்சத்திரம் சோஃபி டி கூடேயும் அந்த வரிசையில் வந்தவர்தான். அவருடைய அம்மா ஸ்டெஃபனி வைட், கனடாவின் முதல் பெண்கள் தேசிய அணிக்கு கேப்டன். சோஃபிக்கு 2024-ல் முழங்கால் தசைநார் கிழிந்து, ஒரு வருஷம் போல ஆட்டமே இல்லை. உலகக் கோப்பைக்குச் சற்று முன்னால்தான் திரும்பி வந்தார். அப்படி வந்தவர் அந்த வருஷத்தின் சிறந்த வீராங்கனை விருதை வாங்கினார். காயம்பட்ட ஒரு ஆளைத் தேற்றிக் களத்துக்குக் கொண்டுவர டாக்டர், பிசியோ என்று எத்தனை பேர் உழைக்க வேண்டும்! அந்த 36 லட்சம் எதுக்கு என்று இதை வைத்தே ஓரளவு புரிஞ்சுக்கலாம்.

செமி ஃபைனலில், ஆறு முறை சாம்பியனான நியூசிலாந்தை 34-19 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஃபைனலிலும் முதல் டிரை கனடாதான். ஏஷியா ஹோகன்-ரோசெஸ்டர் ஆரம்பத்திலேயே போட்டார். அதற்கப்புறம் இங்கிலாந்து எழுந்து நின்றது. இடைவேளையில் 21-8, முடிவில் 33-13. முழுநேரச் சம்பளம் வாங்கி ஆறு வருஷத்துக்கு மேல் சேர்ந்து ஆடிய அணிக்கும், உண்டியல் வைத்துக் கடைசிப் படி வரை வந்த அணிக்கும் உள்ள தூரம் அந்த 20 புள்ளிதான் என்று நான் சொல்ல மாட்டேன், விளையாட்டில் வேறு நூறு காரணம் இருக்கும். ஆனால் அதுவும் ஒரு காரணம்.

அடுத்த உலகக் கோப்பை 2029-ல், ஆஸ்திரேலியாவில். கனடா இந்த முறை வருடாந்தர வருமானத்துக்கு என்ன வழி செய்யப்போகிறது என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஸ்கோர் அப்புறம்.

தம்பிக்கு என்ன பதில் எழுதினேன் என்று சொல்லவில்லையே. லோன் வேண்டாம், முதலில் மூன்று நம்பர் அனுப்புங்க என்றேன். அனுப்பினார்: ஃபீஸ் 48,000, கையில் 29,000, குறைவது 19,000. அதை அப்படியே அவங்க அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஆறு மாசத்தில் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பணம் வந்துவிட்டதாம். கூடவே ஒரு மெசேஜும்: "அசல் ஓகே. வட்டி எவ்ளோடா?"