கொல்லன் உலையில் எரிவாயு

கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கோடரி முதலியவற்றை அடித்துத் திருத்தும் கண்டிப் பகுதிக் கொல்லனுக்குக் கரியும் துருத்தியும் பழகிய கருவிகள். அவற்றின் இடத்தில் எரிவாயு உலையை அமைக்க விழைவோன் முதற்கண் எண்ண வேண்டுவது சிக்கனமே. 2022 ஏப்ரலில் 12.5 கிலோகிராம் சிலிண்டர் ஒன்றின் விலை ரூபா 4860 ஆக உயர்ந்ததை மலைநாட்டார் மறந்திலர்.

ஒரு கிலோகிராம் உருக்கை 1100 பாகை செல்சியசுக்குச் சூடாக்க ஏறத்தாழ 750 கிலோயூல் வெப்பம் போதும். ஒரு கிலோகிராம் எரிவாயுவோ 46,000 கிலோயூல் அளவில் வெப்பந் தரும். கணக்கின்படி அறுபது கிலோகிராம் உருக்கேனும் காய வேண்டும்; பட்டடையில் அதன் சிறு பங்கே காய்கின்றது. எஞ்சிய வெப்பம் புகையோடு செல்கின்றது, சுவரில் உறைகின்றது, வாயிலூடாகக் கதிர்க்கின்றது. அவ்வெப்பநிலையில், பத்துச் சதமமீற்றர் பக்கமுள்ள சதுர வாயில் திறந்திருப்பின் ஏறத்தாழ 2000 வாற்று வெளியேறும்; இரண்டு மின்னழுத்திகள் ஓயாது எரிவதற்கு ஒப்பாகும் இது. ஒரு தீச்செங்கல்லை வாயிலில் சாத்தி வைப்பதே மலிவான பரிகாரம்.

தடித்த தீச்செங்கற் சுவர் முதலில் தானே வெப்பத்தை உண்ணும். நாள் முழுதும் எரியும் உலைக்கு அது குற்றமன்று. இடையிடையே சிறிது நேரம் எரிப்போர்க்குச் செரமிக் நார்க் கம்பளியே ஏற்றது. ஆயின் அதன் தூசி நுரையீரலுக்குத் தீங்காதலின் தீக்காரை பூசாது பயன்படுத்தலாகாது.

இனி வளி. சமனலவெவப் பகுதியின் பண்டை இரும்புலைகள் தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டன என ஜில்லியன் ஜூலெவ் 1996இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. எரிவாயு உலையில் அப்பணியைச் செய்வது நுண்டுளையினின்று பாயும் வாயுவே. கல்லூரி ஆய்வுகூடத்துப் பன்சன் சுடரடுப்பைப் போல அது வளியைத் தன்னோடு இழுத்துச் செல்லும். ஒரு பங்கு புரொப்பேன் முற்றாக எரிய 24 பங்கு வளி வேண்டும். கண்டி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் மேலுள்ளது. வளியின் அடர்த்தி அங்கு ஐந்து சதவீதமளவு குறைவு. ஆதலின் கொழும்பில் சரிசெய்த சுடரடுப்பின் வளிவாயிலை இங்கு சற்று அகலத் திறக்க வேண்டும். உலைவாயிலில் நீண்ட மஞ்சட் சுவாலை தோன்றின் வளி போதாது; இரும்பின்மேல் செதில் மிகின் வளி மிகுதி. சுவாலை பெரிதாயின் வெப்பமும் பெரிது என்பது அடுப்படியிலும் பட்டடையிலும் நிலவும் மயக்கம்.

நெடுநேரம் எரிக்கையில் சிலிண்டர் குளிர்ந்து அமுக்கம் வீழும். அதற்குத் தீ மூட்டிச் சூடேற்றல் பெருங்கேடு. இரண்டு சிலிண்டர்களை உரிய முறையில் ஒரே குழாயில் இணைத்தலே நன்று. வளி குறைந்த சுவாலை காபனோரொட்சைட்டையும் பிறப்பிக்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கசியும் எரிவாயுவோ வளியிலும் பாரமானது, நிலத்தோடு தங்கும். மழைக்கு அஞ்சிப் பட்டடையின் கதவுகளை அடைத்து வேலை செய்யும் வழக்கம் மலைநாட்டிற் பொது. எரிவாயு உலை உள்ளவிடத்து மேலும் கீழும் காற்றுவழி திறந்தே இருத்தல் வேண்டும்.