கிட் வெளியே பேசுவது எப்படி? தொலைக் களஞ்சிய உதவி நிரல்கள்: ஆசிரியர்களுக்கு ஓர் அறிமுகம்

நம்மிடம் இருக்கிற கோப்புகளின் பெயர்களை ஒருமுறை பாருங்கள். ‘படிவம் 5 பயிற்றி இறுதி’, ‘பயிற்றி இறுதி 2’, ‘பயிற்றி இதுதான் இறுதி’. எது சரியான படி, யார் எந்த வரியை எப்போது திருத்தினார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. தயாரித்த ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனால் பென்டிரைவும் அவரோடு போய்விடும்.

இதற்குத்தான் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள். அதில் பரவலானது கிட். லினக்ஸ் கருநிரலைப் பராமரிக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கியது. எளிய உரைக் கோப்பாக எழுதினால் வரிக்கு வரி வேறுபாட்டைக் காட்டும். பழைய நிலைக்குத் திரும்பவும் விடும். சொந்தக் கணினியில் இதைப் பழகிக்கொள்ளும் ஆசிரியர்கள் பலர், களஞ்சியத்தை இணையத்தில் ஏற்றும் கட்டத்தில் ஒரு பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டு, “இது நமக்கு ஆகாதுங்க” என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும்.

(இங்கே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

நடுவில் நிற்கும் கிராணி

ரப்பர்த் தோட்டத்து ஆபீஸ் கிராணியை நம்ம தாத்தா பாட்டி நன்றாக அறிவார்கள். தொழிலாளி பாலைக் கொண்டுவந்து நிறுவைக்குக் கொடுப்பார். கிராணி அவரிடம் தமிழில் பேசி, கணக்கை ஆங்கிலத்தில் எழுதித் துரைக்கு அனுப்புவார். துரைக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை, தொழிலாளிக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. நடுவில் இருப்பவருக்கு இரண்டும் தெரிந்தால் போதும்.

கிட்டிலும் அப்படியொரு ஏற்பாடு இருக்கிறது. உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் இன்னொரு களஞ்சியத்தோடு கிட் நேரடியாகப் பேசும். எஸ்எஸ்எச் வழி என்றால் அந்த நிரலை அழைத்துக்கொள்ளும். ஆனால் முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்கினால், ‘கிட்-ரிமோட்-எச்டிடிபிஎஸ்’ என்ற தனி நிரலை எழுப்பி, வேலையை அதனிடம் ஒப்படைக்கும். இதுவே தொலை உதவி நிரல்.

பெயரிடும் முறையும் எளிது. ‘கிட்-ரிமோட்-’ என்பதற்குப் பின்னால் வழியின் பெயர் வரும். முகவரிக்கு முன்னால் ஒரு பெயரும் இரண்டு முக்காற்புள்ளிகளும் (::) போட்டால், அந்தப் பெயருக்குரிய உதவி நிரலைக் கிட் தேடும். புதிய வகைக் களஞ்சியம் ஒன்று வந்தால் கிட்டையே மாற்றி எழுத வேண்டாம். ஓர் உதவி நிரல் எழுதினால் போதும்.

இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள்?

உரையாடல் வரிவரியாக நடக்கும். கிட் முதலில் ‘கேபபிலிட்டிஸ்’ என்று கேட்கும், அதாவது “உனக்கு என்னென்ன தெரியும்?” உதவி நிரல் தன் திறன்களை வரிக்கு ஒன்றாகச் சொல்லி, ஒரு வெற்று வரியோடு முடிக்கும். அடுத்து ‘லிஸ்ட்’. தொலைவில் எந்தெந்தக் கிளைகள் உள்ளன, ஒவ்வொன்றும் எந்தப் பதிவில் நிற்கிறது என்ற பட்டியல் வரும். பிறகு கொண்டுவர வேண்டுமானால் ‘ஃபெட்ச்’, அனுப்ப வேண்டுமானால் ‘புஷ்’. தொலைவில் இருப்பது கிட் களஞ்சியமே இல்லை என்றால் ‘இம்போர்ட்’. அப்போது உதவி நிரல் அங்குள்ள தகவலைக் கிட்டுக்குப் புரியும் வடிவில் மாற்றித் தரும்.

முதல் முயற்சிக்கு ‘ஓப்பன்-தமிழ்’ களஞ்சியத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘எழில்’ என்னும் தமிழ் நிரல் மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் கிட்ஹப்பில் வளர்த்துவரும் பைத்தான் நூலகம் இது. ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு 3 எழுத்து. யூனிகோடில் கணினிக்கு 5 குறியீடு. அதை நாம் எண்ணுவதுபோல் 3 எழுத்தாகப் பிரித்துத் தரும் வசதி அதில் உண்டு. ‘கிட் குளோன்’ என்று தட்டி அதன் முகவரியைக் கொடுத்தால், மேலே சொன்ன உரையாடல் சில நொடிகளில் நடந்து முடியும்.

விக்கிப்பீடியாவையும் கிட் வழியே திறக்கலாம்

பிரான்சின் கிரெனோபிள் நகரில் உள்ள என்சிமாக் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 2011இல் ‘கிட்-ரிமோட்-மீடியாவிக்கி’ என்ற உதவி நிரலை எழுதினார்கள். பல ஆண்டுகள் கிட்டின் மூல நிரலோடு சேர்ந்தே அது வெளிவந்தது. விக்கிப்பீடியா இயங்குவது மீடியாவிக்கி மென்பொருளில். அது கிட் களஞ்சியம் இல்லை. இந்த உதவி நிரல் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு கோப்பாகவும், ஒவ்வொரு திருத்தத்தையும் ஒரு பதிவாகவும் மாற்றிக் கொடுக்கிறது.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்க முயலாதீர்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள், அத்தனைக்கும் திருத்த வரலாறு! ‘ரிமோட்.ஆரிஜின்.பேஜஸ்’ என்ற அமைப்பில் ஈப்போ, பேராக் என்று வேண்டிய பக்கங்களை மட்டும் குறிப்பிடலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: இங்கே ‘புஷ்’ செய்தால் திருத்தம் நேராக விக்கிப்பீடியாவுக்கே போய்விடும். படித்துப் பார்க்க மட்டும் பயன்படுத்துவது தொடக்கத்துக்கு நல்லது. பெர்ல் மொழியின் சில கூறுகளும் தேவைப்படுவதால், லினக்ஸ் கணினியில் நிறுவுவது எளிது.

ஆசிரியர் அறைக் கணினியில் கவனம்

தொலை உதவி நிரலுக்குத் துணையாக இன்னொன்று இருக்கிறது: அடையாள உதவி நிரல். “யார் நீங்க?” என்று கிட்ஹப் கேட்கும்போது பதில் கொடுப்பது இதுதான். 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வழியாகக் கடவுச்சொல் கொடுத்து நுழைவதை கிட்ஹப் நிறுத்திவிட்டது. டோக்கன் வேண்டும், அல்லது உலாவி வழியாக அனுமதி தர வேண்டும்.

‘ஸ்டோர்’ என்ற வகை, டோக்கனை எந்த மறைப்பும் இல்லாமல் சாதாரணக் கோப்பில் எழுதி வைக்கும். பலர் புழங்கும் கணினியில் இதைப் பயன்படுத்தவே கூடாது. ‘கேஷ்’ நினைவகத்தில் மட்டும் வைத்திருந்து, நாம் மாற்றாவிட்டால் 15 நிமிடத்தில் மறந்துவிடும். லினக்ஸ், மேக் கணினிகளுக்கு ஏற்றது. விண்டோஸ் கிட்டோடு வரும் ‘கிட் கிரெடன்ஷியல் மேனேஜர்’ விண்டோஸின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கும். ஆனால் எல்லா ஆசிரியரும் ஒரே விண்டோஸ் கணக்கில் நுழைந்தால், அடுத்து உட்காருபவர் உங்கள் பெயரிலேயே திருத்தம் அனுப்பலாம். வேலை முடிந்ததும் ‘கண்ட்ரோல் பேனல்’ சென்று, ‘கிரெடன்ஷியல் மேனேஜர்’ பகுதியில் கிட்ஹப் பதிவை நீக்கிவிட்டு எழுந்திருங்கள். டோக்கனுக்கு முடிவு நாளும் வையுங்கள்.

உதவி நிரல் என்பது உங்கள் கணினியில் இயங்கும் நிரல். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை நிறுவ வேண்டாம்.

பிழைச் செய்தி வந்தால்

• ‘அனேபிள் டு ஃபைண்ட் ரிமோட் ஹெல்பர்’: கிராணி வேலைக்கே வரவில்லை. உதவி நிரல் நிறுவப்படவில்லை, அல்லது முகவரியின் முன்பகுதியில் எழுத்துப்பிழை.

• ‘குட் நாட் ரிசால்வ் ஹோஸ்ட்’: இணையத் தொடர்பையும் தளத்தின் பெயரையும் சரிபாருங்கள்.

• ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்’: டோக்கன் காலாவதியாகியிருக்கலாம், அல்லது வேறொருவருடைய டோக்கன் பெட்டகத்தில் இருக்கலாம்.

• ‘ரிஜெக்டட், ஃபெட்ச் ஃபர்ஸ்ட்’: எதுவும் கெட்டுப்போகவில்லை. உங்களுக்கு முன் சக ஆசிரியர் ஒருவர் திருத்தம் அனுப்பிவிட்டார். ‘கிட் புல்’ செய்து அதைச் சேர்த்த பிறகு அனுப்புங்கள்.

• தமிழில் வைத்த கோப்புப் பெயர் எண்களாகத் தெரிந்தால் அது பிழையே இல்லை. ‘கோர்.கோட்பாத்’ அமைப்பை ‘ஃபால்ஸ்’ என்று மாற்றினால் பெயர் தமிழிலேயே தெரியும்.

எதிலிருந்து தொடங்கலாம்?

பேராக்கில் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் ‘லாடாங்’ இன்னும் இருக்கிறது. பெயருக்குரிய ரப்பர் மரங்கள் பல இடங்களில் இல்லை; செம்பனையும் வீடமைப்புப் பகுதியும் வந்துவிட்டன. ஆவணத்தில் ஒரு பெயரும் நம்ம மக்கள் வாயில் வேறொரு பெயருமாக வழங்கிய தோட்டங்கள் உண்டு. அந்தத் தமிழ்ப் பெயர்களைச் சொல்ல வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே மாணவர்களைக் கேட்டு எழுதச் சொல்லலாம். தோட்டத்துக்கு ஓர் உரைக் கோப்பு; யார் எழுதினார், யார் திருத்தினார் என்பது கிட்டில் தானாகவே பதிவாகும். விக்கிப்பீடியா வெளியான ஆதாரம் கேட்கும். ஆகவே வாய்மொழித் தகவல் முதலில் நம் சொந்தக் களஞ்சியத்தில் இருக்கட்டும். பேசியவரின் அனுமதி பெறாமல் பெயரையும் முகவரியையும் இணையத்தில் ஏற்ற வேண்டாம்.

இரண்டு பள்ளி, பத்துக் கோப்பு போதும். களஞ்சியத்தைக் குறைந்தது மூன்று ஆசிரியர்களின் பொறுப்பில் வையுங்கள். ஒருவர் மாற்றலாகிப் போனாலும் மாணவர்கள் சேகரித்தது அங்கேயே இருக்கும்.