எதிராளி இல்லாத செஸ் போட்டி: புதிர் உருவாக்குவோருக்கு என்னென்ன விதிகள்?

1895-ம் ஆண்டு மே மாதம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர வாரப் பத்திரிகை ஒன்றின் செஸ் பகுதியில் ஒரு படம் வெளியானது. பலகையில் நாலே நாலு காய்கள். வெள்ளைக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும். கறுப்புக்கு ராஜாவும் ஒரு யானையும். சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டி ராணியாகப் போகிறது. ஆனாலும் கறுப்பு டிரா செய்துவிடும் என்பது அந்தப் பகுதியை நடத்திவந்த பார்பியேவின் கணக்கு. சிப்பாய் ராணியானதும் கறுப்பு தன் யானையை வேண்டுமென்றே பலிகொடுத்து செக் வைக்கும். ராணி அதை வெட்டினால் கறுப்பு ராஜாவுக்கு நகர இடமும் இல்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட். ஆட்டம் டிரா.

அதே ஊரில் வாழ்ந்த சாவேத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் படத்தை உற்றுப் பார்த்தார். ராணி ஆக்கினால்தானே இந்த வம்பு, யானை ஆக்கினால் என்ன? அங்கேதான் கதை மாறியது. புது யானை அடுத்த நகர்வில் மேட் வைக்கப் பார்க்கிறது. அதைத் தடுக்கக் கறுப்பு யானை குறுக்கே வந்தாக வேண்டும். உடனே வெள்ளை ராஜா ஓரடி நகர்ந்தால் கறுப்பு யானைக்கும் ஆபத்து, கறுப்பு ராஜாவுக்கும் ஆபத்து. இரண்டையும் காப்பாற்ற வழியே இல்லை. டிரா என்று அச்சான படம் வெள்ளையின் வெற்றிப் படமாகிவிட்டது. செஸ் உலகில் சாவேத்ராவின் பெயர் இன்றும் நிற்பது இந்த ஒரே நகர்வால்தான்.

பார்பியேவுக்கு நேர்ந்தது செஸ் புதிர் உருவாக்கும் யாருக்கும் நேரலாம். சர்வதேசப் புதிர் போட்டிகளின் விதிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு பயத்தைச் சுற்றியே எழுதப்பட்டவை.

இதில் என்ன போட்டி?

செஸ் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது எதிரும் புதிருமாக இருவர், நடுவில் கடிகாரம். இங்கே கடிகாரமும் இல்லை, எதிராளியும் இல்லை. ஒருவர் தனியே உட்கார்ந்து காய்களை அடுக்கி, "வெள்ளை ஆரம்பித்து இரண்டு நகர்வில் மேட்" என்பதுபோல ஒரு நிபந்தனை எழுதி அனுப்புகிறார். அவ்வளவுதான். எந்தப் புதிர் அழகானது, புதுமையானது என்பதை நடுவர் தீர்மானிப்பார். நிபந்தனைகளும் பலவகை. கறுப்பும் வெள்ளையும் கூட்டுச்சேர்ந்து கறுப்பு ராஜாவை மேட் ஆக்கும் 'ஹெல்ப்மேட்' உண்டு. வெள்ளை வலுக்கட்டாயமாகத் தன்னையே மேட் செய்யவைக்கும் 'செல்ஃப்மேட்' உண்டு. டிரா செய் அல்லது ஜெயி என்று மட்டும் கேட்கும் 'ஸ்டடி' உண்டு. சாவேத்ராவின் படம் அந்த ரகம். ராஜா, ராணியின் வழக்கமான நடையையே மாற்றிவிடும் 'ஃபேரி' புதிர்கள் தனி உலகம்.

இந்தக் கலைக்கென்று ஓர் உலக அமைப்பு இருக்கிறது. இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள பிரான் என்ற கடலோர ஊரில் 1956-ல் கூடிய சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் குழுதான் அதன் தொடக்கம். 2010-ல் அது 'டபிள்யூஎஃப்சிசி' என்ற தனி அமைப்பானது. விதிகளின் தொகுப்புக்கு 'கோடெக்ஸ்' என்று பெயர். இதன் கீழ் நாடுகள் அணியாகக் கலந்துகொள்ளும் போட்டி, தனிநபர் உலக சாம்பியன்ஷிப், ஃபிடே உலகக் கோப்பை என்று பல நடக்கின்றன. அணிப் போட்டியில் கரு முன்கூட்டியே கொடுக்கப்படும். உலகக் கோப்பையில் ஒருவர் ஒரு பிரிவுக்கு ஒரு புதிர்தான் அனுப்பலாம். அதுவும் எங்கும் வெளிவராததாக இருக்க வேண்டும்.

இரண்டு விடை இருந்தால் காலி

முதல் விதி, ஒரு புதிருக்கு ஒரே விடை. இரண்டு நகர்வு மேட் என்றால், வெள்ளையின் முதல் நகர்வு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இன்னொரு நகர்வும் மேட்டுக்குக் கொண்டுபோனால் அந்தப் புதிர் 'குக்' ஆகிவிட்டது என்பார்கள். ஆறு மாதம் உழைத்தாரா, அறுபது படம் வரைந்து பார்த்தாரா என்பதெல்லாம் கணக்கில் வராது. முதல் நகர்வு சரியாக இருந்து, பிற்பாடு ஓரிடத்தில் வெள்ளைக்கு இரண்டு வழி இருந்தால் அது 'டூயல்'. சின்ன டூயலை நடுவர் மன்னிக்கலாம். புதிரின் உயிர்நாடியான வரிசையில் டூயல் வந்தால் கஷ்டம்தான்.

முன்பெல்லாம் ஓட்டையைக் கண்டுபிடிப்பது வாசகர்களின் வேலை. இப்போது 'பாப்பாய்' போன்ற இலவச மென்பொருள்களே நிறையப் புதிர்களைக் கடைசிக் கிளைவரை சரிபார்த்துவிடுகின்றன. ஏழு காய்கள் வரையிலான நிலைகளுக்குக் கணினி 2012-லேயே விடைப் பட்டியல் போட்டுவிட்டது. ஒருவிதத்தில் நல்லதுதான், நடுவரின் மேசைக்கு உடைந்த புதிர் வருவது குறைந்திருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலைத் துழாவி அழகான ஒரு நிலையை எடுத்து, "நான் உருவாக்கினேன்" என்று அனுப்பினால் அது படைப்பா, பொறுக்கியெடுத்ததா? நியாயமான சண்டைதான் இது. விதி ஒரு வரியில் தீர்த்துவைக்கக்கூடியதும் அல்ல.

பலகைக்கு முன்கதை உண்டா?

புதிர் விதிகளிலேயே சுவாரஸ்யமானது இந்த இடம். சாதாரண ஆட்டத்தில் ராஜா இதற்கு முன் நகர்ந்ததா இல்லையா என்பது எல்லோருக்கும் தெரியும். நகர்ந்திருந்தால் காஸ்லிங் கிடையாது. புதிரிலோ படம் மட்டும்தான் இருக்கிறது. முன்னால் நடந்த ஆட்டம் என்று ஒன்றுமில்லை. அப்புறம் காஸ்லிங் செய்யலாமா, கூடாதா?

கோடெக்ஸ் சொல்வது இது: ராஜாவும் யானையும் அதனதன் இடத்தில் இருந்தால் காஸ்லிங் செய்யலாம், 'முடியாது' என்று யாராவது நிரூபிக்காதவரை. சிப்பாய் போகிற போக்கில் வெட்டும் 'ஆன் பசான்' நகர்வுக்கோ நேர்மாறான விதி. எதிரிச் சிப்பாய் இப்போதுதான் இரண்டு கட்டம் தாண்டியது என்று நிரூபிக்க முடிந்தால் மட்டும்தான், புதிரின் முதல் நகர்வாக அதைச் செய்யலாம்.

நிரூபிப்பது எப்படி? ஓர் உதாரணம். வெள்ளை நகர வேண்டிய நிலை. அப்படியானால் கடைசியாக நகர்ந்தது கறுப்பு. கறுப்பிடம் இருப்பது ராஜா, ஒரு யானை, தொடக்க வரிசையில் அசையாமல் நிற்கும் சில சிப்பாய்கள். வேறொன்றும் இல்லை. சிப்பாய்கள் அசையவே இல்லையென்றால் கடைசியாக நகர்ந்தது ராஜாவாகவோ யானையாகவோதான் இருக்க முடியும். எது நகர்ந்திருந்தாலும் கறுப்புக்கு இனி காஸ்லிங் கிடையாது! யாரும் ஆடாத ஓர் ஆட்டத்தைத் துப்பறிந்து தீர்ப்பு சொல்லும் இந்த வகை வாதத்துக்கென்றே 'ரெட்ரோ' என்று தனிப் பிரிவு இருக்கிறது. ஐம்பது நகர்வு டிரா விதியும் ரெட்ரோ புதிர்களில் மட்டும்தான் செல்லும். மற்றவற்றில் எத்தனை நகர்வு ஆனாலும் கவலையில்லை.

பெயர் மறைத்துத் தீர்ப்பு

1845-ல் லண்டனில் வெளிவந்த 'செஸ் பிளேயர்ஸ் க்ரானிக்கிள்' இதழுக்கு இந்தியாவிலிருந்து ஒரு புதிர் போனது. அனுப்பியவர் பெயர் 'ஷாகிர்த்', அதாவது மாணவன். இந்தியாவில் பணியாற்றிய ஹென்றி லவ்டே என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் புனைபெயர் அது. வெள்ளை தன் காய் ஒன்றைத் தொலைவுக்கு நகர்த்துகிறது. பிறகு அதன் பாதையில் இன்னொரு காயை வைத்துத் தானே மறைக்கிறது. ஸ்டேல்மேட் ஆகாமல் கறுப்பு ராஜாவுக்கு மூச்சுவிட ஒரு கட்டம் கிடைக்கிறது. ராஜா அங்கே போனதும் மறைத்த காய் விலக, மேட். இந்த உத்திக்கு உலகம் முழுக்க இன்றும் 'இந்தியன் தீம்' என்றுதான் பெயர். ஆள் யாரென்று தெரியாமலேயே சரக்குக்கு மதிப்பு கிடைத்தது.

முறையான போட்டிகள் அதே நிலையைத்தான் விதியாக்கியிருக்கின்றன. புதிர்கள் நேரே நடுவரிடம் போவதில்லை. இடையில் ஓர் ஒருங்கிணைப்பாளர் பெயரையெல்லாம் நீக்கி, ஒரே மாதிரியான படங்களாக மாற்றி அனுப்புவார். கிராண்ட்மாஸ்டர் அனுப்பியதும் கல்லூரி மாணவர் அனுப்பியதும் நடுவர் கண்ணுக்கு ஒன்றுதான். சிறிய வட்டம் என்பதால் பாணியை வைத்தே ஆளை ஊகிக்கும் நடுவர்களும் இருக்கலாம். அதற்கு விதியால் மருந்து போட முடியாது.

முடிவு வந்த கையோடு பரிசு உறுதியாவதில்லை. முதலில் வருவது தற்காலிக முடிவு. குறிப்பிட்ட காலம்வரை யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுப்பலாம். ஆட்சேபம் பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, "இதுக்கு இன்னொரு விடை இருக்கு." மற்றொன்று, "இது ஏற்கெனவே வந்த புதிர்." இரண்டாவதுதான் வலிக்கும். யாரையும் பார்த்துக் காப்பியடிக்காமலேயே, நூறு வருடத்துக்கு முன் ஒருவர் போட்ட அதே அடுக்கை இன்னொருவர் போட்டுவிட முடியும். அது திருட்டு அல்ல என்பதை கோடெக்ஸ் ஏற்கிறது. ஆனாலும் முதலில் வெளியானதற்கே உரிமை. நெதர்லாந்தின் ஹெரால்ட் வான் டெர் ஹெய்டன் தொகுத்த தரவுத்தளத்தில் ஸ்டடிகள் மட்டுமே 90 ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அதில் தேடிப் பார்க்காமல் அனுப்புவது துணிச்சல்தான்.

பட்டம் எப்படிக் கிடைக்கும்?

பரிசு வாங்கினால் பட்டம் வந்துவிடாது. வெளியான புதிர்களில் சிறந்தவற்றை ஃபிடே ஆல்பம் என்ற தொகுப்புக்குத் தேர்ந்தெடுப்பார்கள். பிரிவுக்கு மூன்று நடுவர்கள். ஒவ்வொருவரும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள், அரை மதிப்பெண்ணும் உண்டு. மொத்தம் 8 வந்தால் உள்ளே. ஆல்பத்தில் ஏறும் புதிருக்கு ஒரு புள்ளி. ஸ்டடிக்கு மட்டும் ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக, ஒன்றும் மூன்றில் இரண்டும். இருவர் சேர்ந்து உருவாக்கியிருந்தால் புள்ளியையும் பிரித்துக்கொள்ள வேண்டும். 12 புள்ளிக்கு ஃபிடே மாஸ்டர், 25-க்கு சர்வதேச மாஸ்டர், 70 புள்ளிக்கு கிராண்ட்மாஸ்டர்.