எட்டில் ஐந்து பங்கு ஆள்: நிறுவன மேம்பாடு பற்றி ஒரு குறிப்பு

ஓ.டி. என்று சொன்னால் நம்ம பக்கத்தில் ஓவர்டைம் என்றுதான் நினைப்பார்கள். நிர்வாகவியல் புத்தகங்களில் அதே இரண்டு எழுத்துக்கு ஆர்கனைசேஷன் டெவலப்மென்ட் என்று அர்த்தம். தமிழில் நிறுவன மேம்பாடு என்று வைத்துக்கொள்வோம். ஹெச்.ஆர். ஆட்கள் ஒரு ஓட்டலில் எல்லாரையும் உட்கார வைத்து பலூன் ஊதச் சொல்வார்களே, அந்தச் சமாச்சாரம்தான் இது என்று பல வருஷம் ஒதுக்கி வைத்திருந்தேன். படிக்கப் படிக்க வேறு மாதிரி தெரிந்தது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். ஆரம்பம் நம்ம செஞ்சியிலிருந்தே.

கூடாரத்துக்குள் இருந்த பிரச்சினை

1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ல். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் சேர்த்துச் சுற்றி ஓடும் மதிலைப் பார்க்கிற யாருமே "இதைப் பிடிக்க எட்டு வருஷம் ஆகத்தான் செய்யும்" என்பார்கள். நானும் சின்ன வயசில் அப்படித்தான் நம்பினேன்.

வரலாற்றைப் படித்தால் பாதிக் காரணம் மதிலுக்கு வெளியே கிடக்கிறது. முற்றுகை நகரவில்லை என்றதும் டெல்லி பாதுஷா செய்தது, மேலும் ஆட்களை அனுப்பியது. தன் மகன் காம் பக்ஷை அனுப்பினார். பிரதம மந்திரி ஆசாத் கானையும் அனுப்பினார். ஆசாத் கான் வேறு யாருமில்லை, சுல்பிகர் கானின் அப்பா. ஒரே கூடாரத்தில் மூன்று தலை. இளவரசர் ராஜாராமோடு ரகசியமாகப் பேச்சு நடத்தினார். அது தெரிந்ததும் அப்பாவும் மகனும் சேர்ந்து இளவரசரையே காவலில் வைத்தார்கள். முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. பிறகு திரும்பி வந்து கோட்டையைப் பிடித்தபோது ராஜாராம் அங்கே இல்லை, தப்பிவிட்டார்.

வேலை நடக்கவில்லையா, ஆளை மாற்று, இல்லை ஆளைக் கூட்டு. 17-ஆம் நூற்றாண்டிலும் இதுதான், இன்றைய மென்பொருள் புராஜெக்டிலும் இதுதான் முதல் வைத்தியம். நிறுவன மேம்பாடு என்ற துறை வேறொரு கேள்வியைக் கேட்கிறது: ஆட்கள் இருக்கட்டும், அவர்களுக்கு நடுவே வேலை எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது?

ஈரலும் ஒரு கண்டுபிடிப்பும்

இந்தத் துறைக்கு மூலவர் என்று கர்ட் லெவினைச் சொல்வார்கள். நாஜிகள் வந்தபின் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன யூத உளவியலாளர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அங்கே இறைச்சித் தட்டுப்பாடு. ஈரல், இதயம், சிறுநீரகம் இதையெல்லாம் சமைக்கச் சொல்லி இல்லத்தரசிகளை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று ஆராயச் சொன்னார்கள். (நம்ம ஊரில் இதற்கு ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது.) சில குழுக்களுக்கு நல்ல சொற்பொழிவு. சில குழுக்களில் பெண்களே தங்களுக்குள் பேசி, என்ன செய்யப்போகிறோம் என்று தாங்களே முடிவெடுத்தார்கள். பிறகு விசாரித்ததில் சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர்தான் சமைத்திருந்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம்.

1946-ல் கனெக்டிகட்டில் ஒரு பயிற்சி முகாம். பகலில் நடந்ததைப் பற்றி ஆய்வாளர்கள் இரவில் தங்களுக்குள் பேசுவது வழக்கம். பயிற்சிக்கு வந்த சிலர் "நாங்களும் உட்காரலாமா" என்று கேட்டார்கள். உட்கார்ந்தார்கள், "நீங்க சொல்ற மாதிரி நடக்கலை" என்று மறுத்தும் பேசினார்கள். பகல் வகுப்புகளைவிட இந்த இரவுப் பேச்சில்தான் எல்லாரும் அதிகம் கற்றுக்கொண்டார்கள். இன்று எல்லா அலுவலகத்திலும் புழங்கும் 'ஃபீட்பேக்' என்ற சொல் மனிதர்களுக்கிடையிலான பேச்சுக்கு வந்து ஒட்டிக்கொண்டது இந்த வட்டாரத்திலிருந்துதான். அடுத்த வருஷமே லெவின் இறந்துபோனார்.

அவர் விட்டுச்சென்றதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, செயல்வழி ஆய்வு: பிரச்சினையில் இருப்பவர்களோடு சேர்ந்தே தகவலைத் திரட்டி, அவர்களிடமே காட்டி, ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, மறுபடி அளப்பது. இரண்டாவது, மாற்றத்துக்கு மூன்று கட்டம் உண்டு என்பது: உறைந்ததை இளக்குவது, நகர்த்துவது, மறுபடி உறைய வைப்பது. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுவார்கள். இதற்குப் பின்னால் வருகிறேன்.

அகமதாபாத், 1953

லண்டனில் டாவிஸ்டாக் நிறுவனம் என்று ஒன்று. அங்கே எரிக் டிரிஸ்ட்டும், முன்பு சுரங்கத் தொழிலாளியாக இருந்த கென் பாம்ஃபோர்த்தும் 1951-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் புது இயந்திரம் வந்ததும், சிறு குழுவாக எல்லா வேலையும் செய்துவந்தவர்களை ஷிப்டுக்கு ஒரு வேலை என்று பிரித்துப் போட்டதில் என்ன கெட்டுப்போனது என்பது விஷயம். தொழில்நுட்பமும் மனித உறவும் ஒரே அமைப்பின் இரண்டு பக்கம், ஒன்றை மட்டும் மாற்ற முடியாது என்ற கருத்து இங்கேதான் பிறந்தது.

அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் 1953-ல் அகமதாபாத் காலிகோ மில்லுக்கு வந்தார். சாராபாய் குடும்பத்தின் மில். தானியங்கித் தறிகள் போட்டும் எதிர்பார்த்த பலன் வரவில்லை. பார்த்தால், 224 தறிக்கு 29 பேர், 12 விதமான வேலை. நெசவாளர் 8 பேர், தறியின் பேட்டரியில் தார் நிரப்புபவர் 5, பெரிதாக இழை அறுந்தால் சரிசெய்பவர் 3, பாவு ஏற்றுபவர் 2. அப்புறம் ஜாபர்கள், பாபின் தூக்குபவர், எண்ணெய் விடுபவர், கூட்டுபவர் என்று போகிறது.

ஒவ்வொருவருக்கும் வேலையளவு கணக்காகக் கணித்துக் கொடுத்ததுதான். ஆனால் ரைஸ் இப்படிக் கணக்குப் போட்டார்: ஒரு நெசவாளரோடு சேர்ந்து வேலை செய்வது எட்டில் ஐந்து பங்கு தார் நிரப்புபவர், எட்டில் மூன்று பங்கு இழை சரிசெய்பவர், கால் பங்கு பாவு ஏற்றுபவர், எட்டில் ஒரு பங்கு பாபின் தூக்குபவர். எட்டில் ஐந்து பங்கு மனிதனோடு யார் சிநேகமாக இருக்க முடியும்? தறி நின்றால் யாரைக் கூப்பிடுவது? 29 பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள், ஆனால் குழு என்று ஒன்றும் இல்லை.

ரைஸ் சொன்ன யோசனை எளிமையானது. 64 தறிக்கு ஏழு பேர் கொண்ட ஒரு குழு. அந்தத் தறிகளுக்கு அந்தக் குழுவே பொறுப்பு. மேற்பார்வையாளர்களிடமும் தொழிலாளர்களிடமும் இதைப் பேசியதும், யார் யாரோடு சேர்வது என்று தொழிலாளர்களே அமைத்துக்கொண்டார்கள். ஆரம்பத் தடுமாற்றம் இருந்தது. நிலைபெற்ற பிறகு தறிகளின் செயல்திறன் சுமார் 80 சதவீதத்திலிருந்து 95-க்கு ஏறியது, துணிச் சேதம் 32 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியது. அதே தறி, அதே ஆட்கள்தான்.

இந்த முடிவை எல்லாரும் அப்படியே ஏற்கவில்லை. எஸ்.கே. ராய் 1969-ல் ரைஸின் ஆய்வுமுறையைத் திரும்பப் பரிசோதித்துக் கேள்விகள் எழுப்பினார். அது நியாயமும்கூட. ஓடுகிற மில்லில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அசையாமல் நிறுத்தி வைக்க முடியாது.

எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த கட்டம். 1970-ல் எரிக் மில்லர் அதே மில்களுக்குப் போய்ப் பார்த்தார். ஒரு இடத்தில் குழுமுறை பதினாறு வருஷம் கழித்தும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. இன்னொரு இடத்தில் பெரும்பாலும் காணாமலே போயிருந்தது. கரைந்துபோன இடத்தில் தொழிலாளர்கள் சோம்பேறி ஆகிவிடவில்லை. குழுவைச் சுற்றி இருந்த வேலி, அதாவது குழு நிலையாக வேலை செய்யத் தேவையான சூழ்நிலை, கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப்போயிருந்தது. அதைக் காப்பது குழுவுக்கு மேலே இருப்பவர்களின் வேலை. லெவின் சொன்ன மூன்றாவது கட்டம் இதுதான்.

பின்னால் வந்தவை

மக்கிரிகர் 1960-ல் எக்ஸ், ஒய் கோட்பாடுகளை எழுதினார். மனிதன் இயல்பிலேயே வேலையைத் தட்டிக் கழிப்பவன் என்று நினைக்கிற நிர்வாகி ஒரு விதமான நிறுவனத்தைக் கட்டுவார், பொறுப்பை ஏற்பவன் என்று நினைக்கிறவர் வேறு விதமானதை. பெக்கார்ட் 1969-ல் இந்தத் துறைக்கு ஒரு வரையறை கொடுத்தார்: திட்டமிட்டது, நிறுவனம் முழுவதையும் தொடுவது, தலைமையின் ஆதரவோடு நடப்பது. நம் நாட்டில் உதய் பாரீக்கும் டி.வி. ராவும் 1970-களின் நடுவில் எல் அண்ட் டி நிறுவனத்தில் மனிதவள மேம்பாட்டுக்கென்று தனித் துறையை வடிவமைத்துக் கொடுத்தார்கள். எங்கள் மென்பொருள் துறையில் 2001-ல் வந்த அஜைல் அறிக்கையின் கொள்கைகளில் 'தன்னைத்தானே அமைத்துக்கொள்ளும் குழு' என்று ஒன்று வரும். அதைப் படிக்கும்போது எனக்கு அந்த ஏழு பேர்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

ஒரு விஷயம் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் டெஸ்டிங் தனி டீம், டேட்டாபேஸ் தனி டீம், ரிலீஸ் தனி டீம். ஒவ்வொரு டீமின் எண்களும் பச்சையில் இருக்கும், புராஜெக்ட் மட்டும் சிவப்பில் இருக்கும். என் கீழே இருந்த ஒரு பையனின் வேலை அடிக்கடி தாமதமானது. வருஷக் கடைசியில் நான் அவனுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டேன். கொஞ்ச நாளில் அவன் போய்விட்டான். காலிகோ கணக்கைப் படித்த அன்று ராத்திரி அவன் வேலையையும் அதே மாதிரி எழுதிப் பார்த்தேன். ஒரு டெஸ்டரில் கால் பங்கு, ஒரு டி.பி.ஏ.வில் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பிரிவினையைப் போட்டவர்களில் நானும் ஒருத்தன்.

அதற்கப்புறம் யாருக்காவது குறைந்த மதிப்பெண் போடுமுன் ஒரு தாள் எடுத்து, இவர் எத்தனை அரைகுறை ஆட்களை நம்பி வேலை செய்கிறார் என்று எழுதிப் பார்க்கிறேன். ஐந்து நிமிஷ வேலைதான். நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள்.