வவுனியாவில் பறந்த பியூஃபைட்டர்

வவுனியா விமானத்தளம் நேற்று உண்டானதல்ல. இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது பிரித்தானிய விமானப்படை பயன்படுத்திய தளம் அது. 1944இல் அங்கிருந்து பறந்தவற்றுள் ஒன்று இரட்டை என்ஜின் கொண்ட 'பியூஃபைட்டர்'.

அதன் 'ஹெர்குலிஸ்' என்ஜின்களை மேல்நாட்டு ஆர்வலர்கள் இன்றும் கழற்றித் துடைத்துப் பூட்டி இயக்குகிறார்கள். அந்த முழக்கத்தைக் கேட்கவே பலர் தொலைதூரம் போகிறார்கள். வட்டமாக இரண்டு வரிசையில் 14 சிலிண்டர்கள். கொள்ளளவு சுமார் 38.7 லீற்றர். வழக்கமான வால்வுகளுக்குப் பதிலாக, சிலிண்டருக்குள் ஓர் உறை மேலும் கீழும் அசைந்து, சற்றே திரும்பி, காற்றுக்கும் புகைக்கும் வழி திறந்து மூடும். என்ஜினைக் குளிர்விப்பது தண்ணீரல்ல, காற்று. ஆகவே குண்டு துளைத்துத் தண்ணீர் ஒழுகி நின்றுவிடும் என்ற பயமில்லை.

இத்தகைய நுட்பங்களைப் பிள்ளைகள் விரும்பிக் கற்கட்டும். இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்கும் கூட்டிச் செல்லுங்கள்.

ஆனால், யுத்தம் முடிந்த 2009 வரை, வன்னியில் விமான இரைச்சல் கேட்டதும் தாய்மார் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினார்கள். அந்தச் செவிகளுக்கு அது இன்னிசையல்ல. மகன் என்ஜின் படம் வரைந்து காட்டினால் பாராட்டுங்கள். அப்படியே, அந்த நாட்களைப் பற்றி உம்மம்மாவிடமும் கேட்கச் சொல்லுங்கள்.